முதற் பாத்தி

2022ஆம் ஆண்டு, மரக்கறி விலை ஏறிய நாட்களில், வீட்டுத்தோட்டம் செய்யவென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கிடைத்தது. நானும் யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றடியில் முதன்முதலாக மண்வெட்டி பிடித்தேன். ஆசைப்பட்டுப் போட்டவை கரட்டும் லீக்ஸும். மலைநாட்டுக் குளிரில் செழிப்பவை, எங்கள் வெயிலில் கருகிப் போயின.

அம்மா ஏசவில்லை. "தம்பி, நாளாந்தம் தின்னுறதை முதலிலை போடு" என்றார். முளைக்கீரை விதைத்தோம், ஒரு மாதத்துக்குள் கறிச்சட்டி நிறைந்தது. பின்னர் வெண்டி, ஏறக்குறைய 50 நாளில் காய்த்தது. பயற்றையோ மண்ணுக்கும் உரமூட்டியது.

முதற் பாத்தியில் எதை நடுவது என்பதை ஆசையிடமல்ல, மண்ணிடமும் அடுப்பிடமுமே கேட்க வேண்டும். அம்மா இப்போது இல்லை. அவர் பிடுங்காமல் முற்றவிட்ட கீரையின் விதை மாத்திரம் மாரிதோறும் முளைக்கிறது.