மூன்றாம் பத்தியும் நம் கல்லறைச் சுவரும்

(நகரியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'கிறிஸ்தவனும் இன்றைய அரசியலும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில், திங்கட்கிழமை வேலை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டு. இவற்றுக்குள் சம்பந்தம் ஏதும் கிடையாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி எண்ணுவது சரிதானா என்பதை ஒரு தொழிலாளியின் வழக்கைக் கொண்டு பார்ப்போம்.

சென்னை எழும்பூரில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்துவந்தவர் சூசை. தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசைக்குக் கொடுக்கவில்லை. அவர் பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறிஸ்தவர். மதம் மாறியவருக்கு அந்தச் சலுகை இல்லை என்றார்கள். வெயிலும் மழையும் அவர் தலைமேல் மதம் பார்த்தா விழுந்தன? அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். 1985 இல் தீர்ப்பு வந்தது, தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, புதிய மதத்திலும் அந்தச் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். இந்த 'ஆதாரம்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

இந்த விவகாரத்தின் வேர் எங்கே இருக்கிறது? 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் வெளியிட்ட தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணையில் இருக்கிறது. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைச் சேராத எவரும் தாழ்த்தப்பட்டவராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956 இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990 இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். இரண்டும் நியாயமே, நாம் வரவேற்கிறோம். கிறிஸ்தவரும் முஸ்லிமும் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டனர். 2007 இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். ஈராண்டுக் கெடு முடிந்ததும் மேலும் நீட்டித்தார்கள்.

இது டில்லிக்காரர் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நம் எல்லையையே பாருங்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நகரி ஆந்திரத்தில் நின்றது. அங்கே அண்ணன், இங்கே தம்பி என்று வாழும் குடும்பங்கள் நமக்குள் உண்டு. இருவரும் ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டவர். தம்பி ஆந்திரத்தில் பி.சி.-சி, அந்தப் பிரிவு முழுவதற்கும் ஒதுக்கீடு 1 சதவீதம். எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் அவர்கள் தாழ்த்தப்பட்டவர் இல்லை. கங்காதர நெல்லூரும் சத்தியவேடும் தனித்தொகுதிகள். அங்கே தம்பி ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. 1977 ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றினால் ஆந்திரத்தில் சில பொருளாதாரச் சலுகைகள் கிடைத்தன. ஆனால் சட்டம் தரும் உரிமை வேறு, அரசாணை தரும் சலுகை வேறு.

அந்த வேறுபாடு 2025 இல் நன்றாகவே தெரிந்தது. சாதியைச் சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று குண்டூர்ப் பக்கத்துப் போதகர் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். அவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டபடியால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பை அவர் கோர முடியாது என்று ஆந்திர உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. கையில் சாதிச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. திட்டுகிறவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டா திட்டுகிறான்? அவனுக்குத் தெரிந்தது தெருவும் சேரியுமே. சட்டம் மட்டும்தான் சீட்டைக் கேட்கிறது.

அதற்கு முன் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்குத் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் மனுவைத் தள்ளியது. கிறிஸ்தவ வழிபாட்டில் இருந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதே செய்யும் மோசடி என்றது. மோசடி என்ற சொல் சுடுகிறது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் ஒரு பெயர் என்று எத்தனை வீடுகளில் வாழ்கிறார்கள்! பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு அது. அந்த வீடுகளைப் பார்த்துக் கல்லெறிய நான் தயாரில்லை. ஆனால் அவர்களுக்கு இன்று இருக்கும் ஆபத்தைச் சொல்லாமல் விடுவதும் துரோகம். இப்படிப் பெற்ற சான்றிதழ் வேலையில் சேர்ந்து பல ஆண்டுக்குப் பின்னும் கேள்விக்குள்ளாகலாம்.

இப்போது அந்த 'ஆதாரம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே, பிறகு ஏன் சாதிச் சலுகை என்று நம்மைக் கேட்கிறார்கள். வேதத்தில் கிடையாது, சபையில் இருக்கிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, தம் இனத்தார் வந்ததும் எழுந்து விலகியபோது, பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். அதுதான் வேதம். நம் நாட்டில் நடந்தது என்ன? 1833 இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் இரு சாதியாரைப் பிரித்து நடுவே சுவரே இருந்தது. 1910 இல் அதை இடித்தார்கள். பழைய உரிமை கேட்டு நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள். கோயில் சுவர் போயிற்று. ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்த சுவர் நம் காலத்துச் செய்தி.

தோழர்களே, நீதிமன்றம் கேட்கும் ஆதாரம் நம் கல்லறையிலேயே இருக்கிறது. டில்லியிடம் நியாயம் கேட்க வேண்டுமானால், நம் வீட்டு அழுக்கை நாமே எடுத்துக் காட்டியாக வேண்டும். இதற்கு வெட்கப்பட்டுப் பலர் வாய் திறப்பதில்லை. 2016 இல் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 2022 இல் கர்நூல் மாவட்டத்தில் பிறந்த பேராயர் அந்தோணி பூலா, முதல் தலித் கர்தினால் ஆனார். மகிழ்ச்சி. ஆனால் உச்சியில் ஒருவர் ஏறியதால் ஊர்க் கல்லறைச் சுவர் தானாக விழுந்துவிடாது.

தமிழராகிய நமக்கு வழிகாட்ட ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1909 இல் தெலுங்கு நாட்டுக்கு வந்தார், தெலுங்கு கற்றார். 1912 இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பாக அபிஷேகம் பெற்று, தோர்ணக்கல்லில் தங்கினார். ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும், தோர்ணக்கல் ஒரு ஜங்ஷன். அவர் சபையில் பெரும்பாலோர் மாலர், மாதிகர். அந்த இரு சாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று பாடுபட்டார். 1910 இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்குச் சிநேகிதர்கள் வேண்டும் என்றார். பிழைக்க வந்த தமிழன் இன்னோர் ஊர்க்காரனோடு எப்படி வாழ வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

ஓர் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் வந்தால் எங்கள் பங்கு குறையுமே என்று இந்துத் தாழ்த்தப்பட்ட தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாளெல்லாம் நம்மோடு ஒரே தறிக்கூடத்தில் நிற்பவர்கள் அவர்கள்; அவர்கள் தட்டிலிருந்து எடுத்து உண்ண நாம் கேட்கவில்லை. ஆள் கூடினால் பங்கும் கூட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம். 50 சதவீத வரம்பைக் காட்டுவார்கள். பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய பிரிவினருக்கான 10 சதவீதத்தை 2022 இல் உச்சநீதிமன்றம் ஏற்றபோது அந்த வரம்பு தடையாக நிற்கவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. மூன்றாம் பத்தியை நீக்கக் கோரி, 2023 மார்ச்சில் ஆந்திர சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாக் கட்சிக்காரரிடமும் கேளுங்கள். அடிதடி, அவமதிப்பு நடந்தால், வன்கொடுமைச் சட்டம் கிடைக்காவிட்டாலும் சாதாரணக் குற்றச் சட்டம் இருக்கிறது. புகார் எழுதச் சங்கம் உதவும், பயந்து ஒதுங்காதீர்கள். மூன்றாவது, உங்கள் சபையின் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். கல்லறையில் குழி வெட்டுவதில், பள்ளியில் இடம் கொடுப்பதில், கமிட்டியில் ஆள் எடுப்பதில் சாதி பார்க்கிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உள்ளூரில் கேட்கத் துணியாதவனின் குரல் டில்லியில் எடுபடாது.