மெட்டைத் தேடிப் போனவர்கள்

அயர்லாந்துக்கும், பிரான்ஸின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனிக்கும் நடுவே கடல் இருக்கிறது. ஆனால் ஐரிஷ் மொழியும் பிரெட்டன் மொழியும் ஒரே கெல்ட்டிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த இரண்டு மண்ணின் மரபிசையும் சென்ற நூற்றாண்டின் நடுவில் அநேகமாக அணைந்துவிடும் நிலைக்கு வந்தது. இன்று இரண்டும் உயிரோடு, நல்ல வலுவோடு இருக்கின்றன. வாசிக்கிறவர், கற்றுக்கொடுக்கிறவர், ஆராய்கிறவர் என்ற மூன்று பேரும் அங்கே பல சமயம் ஒரே ஆளாக இருந்ததுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அப்படி இல்லாத இடத்தில் நேர்ந்த இழப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் பழைய ஹார்ப் கலைஞர்களைத் திரட்டி ஒரு விழா எடுத்தார்கள். அயர்லாந்துக்காரர் பத்துப் பேரும் வேல்ஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். அவர்கள் வாசிப்பதை எழுதி வைக்க எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயது இளைஞரை அமர்த்தினார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் அவர். வந்தவர்களில் தொண்ணூறு வயதைத் தாண்டிய டெனிஸ் ஹெம்ப்சனும் ஒருவர். உலோகக் கம்பிகளை நீண்ட விரல் நகத்தால் மீட்டுகிற பழைய முறையில் வாசித்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். பன்டிங் அந்த விழாவோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். 1796, 1809, 1840 என்று மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் அந்த மெட்டுகளில் பல இன்று நம் காதுக்கு எட்டியிருக்காது. ஆனால் அவர் ஹார்ப் வாசிப்பவர் அல்ல. அச்சில் ஏறியபோது மெட்டுகள் பியானோவுக்கு ஏற்ற உருவத்தில் இருந்தன. கடைசித் தொகுதி வந்த காலத்தில் அந்தக் கம்பி ஹார்ப்பின் வாசிப்பு மரபு ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. இன்று அதை மீட்க முயல்கிறவர்கள் அவருடைய கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு, எந்த விரல் எந்தக் கம்பியில் எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகித்துப் பழக வேண்டியிருக்கிறது. மெட்டு தப்பியது, கை தப்பவில்லை.

அடுத்தவர் நேர் எதிரானவர். பிரான்சிஸ் ஓ'நீல் 1848-இல் கார்க் மாவட்டத்தில் பான்ட்ரிக்குப் பக்கத்தில் பிறந்தவர். இளம் வயதில் கப்பலேறி, கடைசியில் சிக்காகோ போலீசில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அந்த நகரத்தின் போலீஸ் தலைவராக இருந்தார். நல்ல புல்லாங்குழல்காரர். ஆனால் இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. அதற்கு அதே போலீசில் இருந்த ஜேம்ஸ் ஓ'நீல் என்பவரைத் துணை வைத்துக்கொண்டார். பெயர் ஒன்றே தவிர உறவில்லை. இவர் நினைவிலிருந்து வாசிக்க, அவர் எழுதினார். பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பி அமெரிக்கா வந்திருந்த ஐரிஷ்காரர்கள் தங்கள் ஊர் மெட்டுகளை மனசில் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். ஓ'நீல் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். 1903-இல் 1,850 மெட்டுகளோடு ஒரு தொகுப்பும், 1907-இல் 1,001 நடன மெட்டுகளோடு இன்னொன்றும் வந்தன. இரண்டாவது தொகுப்பு, அயர்லாந்தில் வாசிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிய புத்தகம். எது நல்ல மெட்டு, எது வாசிக்கக் கைக்கு வாகானது என்று அதைத் தொகுத்தவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் புத்தகத்தால் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது. ஏன் என்று ஒரே ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். ஐரிஷ் புல்லாங்குழலில் ரோல் என்று ஒரு அணி உண்டு. மூன்று எண்ணிக்கைக்கு நீட்ட வேண்டிய ஒரு ஸ்வரம் வருகிறது என்று வையுங்கள். அதை அப்படியே நீட்டாமல், முதலில் அந்த ஸ்வரத்தை ஊதுவார்கள். மேலே ஒரு விரல் சட்டென்று எழுந்து மூடும். மறுபடி அதே ஸ்வரம். கீழே ஒரு விரல் துளையைத் தட்டிவிட்டு எழும். மறுபடி அதே ஸ்வரம். அந்த இரண்டு தொடுதலும் தனி ஸ்வரமாகக் காதில் விழக் கூடாது. தாளத்தின் தட்டாக மட்டும் விழ வேண்டும். புத்தகத்தில் இதற்கு ஒரு ஸ்வரமும் தலைக்கு மேல் ஒரு சிறு குறியும் போட்டிருக்கும். அந்தக் குறியைப் பார்த்து ஐந்து ஸ்வரமாக வாசிப்பவர், ஐரிஷ் இசையை வாசிக்கவில்லை என்றே சொல்வேன். ஜிக் என்ற நம் திஸ்ர நடை போன்ற மெட்டும், வேகமான ரீலும் பெரும்பாலும் எட்டு எட்டு அளவாக இரண்டு பகுதிகள்தான். ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். ஒரு குழந்தைகூட மனப்பாடம் செய்துவிடும். கலை முழுவதும் இந்த விரல் அசைவில் இருக்கிறது. அதை ஒருவர் எதிரே உட்கார்ந்து காட்ட வேண்டும்.

இசைத்தட்டு வந்தபோது இந்தக் குறை ஒரு வகையில் தீர்ந்தது. ஸ்லைகோ மாவட்டத்து வயலின்காரர் மைக்கேல் கோல்மன் 1914-இல் அமெரிக்கா போனார். 1920களிலும் 30களிலும் அவர் பதிவு செய்த தட்டுகள் கடல் கடந்து ஊருக்குத் திரும்பின. கிராமத்து வீடுகளில் அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கற்றார்கள். அற்புதமான வாசிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்ட பல ஊர்க்காரர்கள் தங்கள் சொந்த ஊர் வில்வீச்சை மட்டமானது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஒரு மேதை தெரியாமலே செய்த சேதம் இது. அதே காலத்தில், 1935-இல் வந்த நடன மண்டபச் சட்டம் வீட்டு நடனங்களையும் நெருக்கியது. வாசிக்க இடமும் குறைந்தது, ஆளும் குறைந்தது.

இந்த நிலையைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களில் நான் மிகவும் மதிக்கிறவர் பிரெந்தான் பிரானக். அரசாங்க ஊழியர். இல்லன் பைப் வாசிப்பவர். இந்த வாத்தியத்தை வாயால் ஊதுவதில்லை; உட்கார்ந்துகொண்டு முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தியை அமுக்கிக் காற்றைப் பைக்கு அனுப்புவார்கள். பிரானக் மெட்டுகளைப் பதிவு செய்தார், ஒப்பிட்டார், 1963 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். 1968-இல் இல்லன் பைப் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கம் உருவாக முன்னின்றார். அப்போது அந்த வாத்தியத்தை வாசிக்கிறவர்களை எண்ணிவிடலாம். 2017-இல் யுனெஸ்கோ அந்த வாசிப்பை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. கிளேர் மாவட்டத்து பைப் மேதை வில்லி கிளான்சி 1973-இல் காலமானார். அந்த ஆண்டே அவர் ஊரான மில்டவுன் மால்பேயில் அவர் பெயரில் ஒரு கோடைப் பள்ளி தொடங்கியது. இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. ஆசிரியர் ஒரு சிறு பகுதியை வாசிப்பார், சுற்றி உட்கார்ந்தவர்கள் திருப்பி வாசிப்பார்கள். அதே வாரத்தில் ஆராய்ச்சி உரையும் உண்டு. இரவு முழுக்க ஊரின் மதுக்கடைகளில் கூடி வாசிப்பார்கள். காலையில் கற்றதை இரவிலேயே நாலு பேரோடு வாசித்துப் பார்த்துவிடலாம். இதைவிடச் சிறந்த இசைப் பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை.

இனி பிரிட்டனி. அங்கே ஆட்டத்துக்குப் பாடுகிற முறை ஒன்று இருக்கிறது. கான் ஹா டிஸ்கான் என்பார்கள். வாத்தியம் கிடையாது, இரண்டு குரல்தான். முதலாமவர் ஒரு வரி பாடுகிறார். அதன் கடைசி இரண்டு மூன்று அசைகள் வரும்போது இரண்டாமவர் சேர்ந்துகொள்கிறார். பிறகு முழு வரியையும் அவர் தனியாகத் திருப்பிப் பாடுகிறார். அவர் முடிக்கும் அசைகளில் முதலாமவர் வந்து சேர்ந்து, அடுத்த வரிக்குத் தாவுகிறார். இப்படியே போகும். ஒரு கணம்கூட குரல் அறுவதில்லை, கை கோத்து ஆடுகிறவர்களின் கால் நிற்பதில்லை. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் தாங்குகிறார்.

இதே ஏற்பாடுதான் வாத்தியத்திலும். பொம்பார்ட் என்பது சீவாளி வைத்து ஊதும் குட்டையான குழல். நம் நாகஸ்வரத்தின் இனம். அதை ஊத மூச்சின் பலம் நிறைய வேண்டும். அதனால் அடிக்கடி வாயை எடுத்தாக வேண்டும். ஜோடியாக நிற்கும் பினியூ, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் சிறிய பை வாத்தியம். பையில் காற்று இருப்பதால் அது நிற்காது. பொம்பார்ட் ஒரு வரி வாசித்து ஓய, பினியூ அந்த வரியைத் திருப்புகிறது.

இந்தப் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் மக்கள் கூடி ஆடும் இரவுக்கு ஃபெஸ்ட் நோஸ் என்று பெயர். பழைய உழவு வாழ்க்கையோடு சேர்ந்து அதுவும் மங்கியது. 1950களில் புலாவன் என்ற ஊரில் லோயிஸ் ரோபார்ஸ் என்பவர் பாடகர்களை மேடையேற்றி அதைப் புதுப்பித்தார். 2012-இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஃபெஸ்ட் நோஸ் நடப்பதாகக் குறித்தது.

ஆராய்ச்சியில் பிரிட்டனிக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. வில்மார்க்கே என்பவர் 1839-இல் பிரெட்டன் பாடல்களின் பெரிய தொகுப்பை வெளியிட்டார். பலவும் அவரே இட்டுக்கட்டியவை என்று பின்னால் வந்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். 1964-இல் தொனாசியேன் லொரான் என்ற ஆய்வாளருக்கு வில்மார்க்கேயின் குடும்பத்தில் பாதுகாத்து வைத்திருந்த சேகரிப்பு நோட்டுகள் கிடைத்தன. பாடல்களை வில்மார்க்கே மாற்றித் திருத்தியது உண்மை. ஆனால் மக்களிடம் கேட்டு எழுதியதும் உண்மை என்று தெரிந்தது. பிறகு வந்தவர்கள் ஒலிப்பதிவை நம்பினார்கள். 1972-இல் தொடங்கிய தஸ்தும் என்ற அமைப்பு கிராமம் கிராமமாகப் பதிவு செய்து ஒரு பெரிய ஒலிக் களஞ்சியத்தை உருவாக்கியது. தொடங்கியவர்களில் பலர் தாங்களே பாடவும் வாசிக்கவும் கற்க விரும்பிய இளைஞர்கள். அந்த ஒலிநாடாக்கள் அலமாரியில் தூங்கவில்லை.

போட்டிகளைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும். ஆனால் பிரிட்டனியில் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். பகாட் என்னும் பைப், பொம்பார்ட், முரசுக் குழுக்கள் ஸ்காட்லாந்து பைப் இசைக்குழுக்களைப் பார்த்து 1940களில் உருவானவை. அவற்றின் முதல் பிரிவுப் போட்டியில், பிரெஸ்ட் நகரத்துச் சுற்றுக்கு ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் இசையைக் கொடுத்துவிடுவார்கள். அந்த வட்டாரத்தின் பழைய பாடகர்களைக் கேட்காமல் எந்தக் குழுவும் மேடை ஏற முடியாது. போட்டியே ஆராய்ச்சிக்குத் துரத்துகிறது.

பாடகர் எரிக் மார்ஷான் இவை எல்லாவற்றையும் ஒரே வாழ்க்கையில் சேர்த்தவர். பாரிஸில் பிறந்து, பிரெட்டன் மொழி கற்று, மானுவேல் கெர்ஜான் என்ற விவசாயியிடம் நேரில் பாட்டுக் கற்றார். பழைய பாடகர்களின் சுருதி பியானோக் கட்டைகளுக்கு இடையில் விழுவதைக் கூர்ந்து கேட்டார். அது பிழையல்ல, ஒரு முறைமை என்று புரிந்துகொண்டார். தபேலா கலைஞர் ஹமீத் கானோடு சேர்ந்து பாடினார், ருமேனியக் கலைஞர்களோடு பாடினார். 2000களின் தொடக்கத்தில் இளைஞர்களுக்கு அந்தச் சுருதிகளைக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சிக் குழுவையும் ஏற்படுத்தினார். அந்தக் காது மட்டும் இல்லாதிருந்தால், பழைய பாடகர்கள் சுருதி தப்பியவர்கள் என்றே ஏட்டில் பதிந்திருக்கும்.

நேயர்களே, இந்த இசை இப்போது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. டப்ளினில் 1987 முதல் இயங்கும் ஐரிஷ் மரபிசைக் காப்பகமும், பிரிட்டனியின் தஸ்தும் அமைப்பும் பல பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது வில்லி கிளான்சியின் பைப்பை ஒரு முறை கேளுங்கள். பிரெட்டன் பாடகிகளான கோதெக் சகோதரிகள் மூவரின் பாட்டை ஒரு முறை கேளுங்கள். முதல் முறை அந்தச் சுருதி காதுக்குப் பழகாது. தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டே இரண்டாம் முறையும் கேளுங்கள்.