பேட்டரியில் மிச்சம் எவ்வளவு?

சின்ன கேம்பர் வேனில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு ராத்திரி விளக்கு, மின்விசிறி, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாமே ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 12.7 வோல்ட் முழுசு; 12.2 வந்தால் பாதி தீர்ந்துவிட்டது. உடனே சார்ஜ் போடுங்கள். இறங்கியபடியே கிடந்தால் தட்டுகளில் சல்ஃபேட் இறுகி, பேட்டரியின் ஆயுளே குறைந்துபோகும். சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். அதை நம்பவே கூடாது. எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியோ, பெரும்பாலும் தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதற்கு, போகிற வருகிற கரண்டைக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர்தான் சரி.