மூவகைக் காய்ச்சலும் இரத்தப் பரிசோதனையும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மங்குப்பம் முதல் சிதம்பரம் வரையுள்ள வயலோரக் கிராமங்களில் ஒருவருக்குக் காணும் கடுஞ்சுரம், கொசுவால் வரும் டெங்குவோ, எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சலோ, புதர்களில் வாழும் சிறு உண்ணிகளால் வரும் உண்ணிக்காய்ச்சலோ என்பதை, தலைவலியையும் உடல்வலியையும் மாத்திரம் கொண்டு தேர்ந்த வைத்தியரும் நிச்சயித்துவிட இயலாது.

இரத்தமே அதற்குச் சாட்சி. டெங்குக் கிருமியின் என்.எஸ்.1 என்னும் புரதம் முதல் சில தினங்களிலேயே இரத்தத்தில் தென்படும். மற்ற இரண்டையும் எதிர்த்து உடல் உற்பத்தி செய்யும் பிரத்தியேக எதிர்ப்பொருள்களை, சுமார் ஒரு வாரத்தில், எலிசா என்னும் இரசாயனப் பரிசோதனை நிறமாற்றத்தால் புலப்படுத்தும்.

உண்ணிக்காய்ச்சலைத் தணிக்கும் டாக்ஸிசைக்ளினால் டெங்குவுக்குப் பயனில்லை. டெங்குவில் ஆஸ்பிரின் உட்கொண்டாலோ இரத்தக்கசிவு அபாயம் மிகும். ஆகையால், கடையில் மாத்திரை வாங்கி உண்டு காலந்தாழ்த்தாமல், அரசு மருத்துவமனையில் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வதே விவேகம்.