நூலகத்தின் சாவி



மைசூரில் மாணவர் போராட்டத்தைப் பற்றிப் பேச வந்தால் எனக்கு முதலில் ஆர். கே. நாராயண்தான் நினைவுக்கு வருவார். மகாராஜா கல்லூரியில் படித்து 1930இல் பட்டம் வாங்கியவர். 1935இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் சிறுவன் சுவாமிநாதன் சுதந்திர வேகத்தில் தன் பள்ளிக்கூடத்துக் கண்ணாடிகளையே கல்லெறிந்து உடைக்கிறான். தேசபக்தி பாதி, வகுப்பு இல்லாத குஷி பாதி. நானும் அப்படிக் கோஷம் போட்டவன்தான்.

இதே மைசூரில் இன்னொரு மாணவனும் இருந்தான். நாடு விடுதலை பெற்ற பிறகும் மைசூர் சமஸ்தானத்தில் மக்களாட்சி வரவில்லை. 1947 செப்டம்பரில் ‘மைசூர் சலோ’ கிளர்ச்சியின்போது ராமசாமி என்ற பள்ளி மாணவன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். நீங்கள் பஸ்ஸில் கடந்து போகிற ராமசாமி சர்க்கிள் அவன் பெயரில் இருப்பதுதான். அடுத்த மாதம் கே. சி. ரெட்டி முதலமைச்சரானார். ‘தம்பி, நீ வகுப்புக்குப் போ’ என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் போராடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் சண்டை கல்லூரி வாசலில் தொங்கும் பூட்டோடு. அந்தப் பூட்டைப் பெரும்பாலும் மாணவர்கள் போடுவதில்லை, பயந்துபோன நிர்வாகம்தான் போடுகிறது. 2022 பிப்ரவரியில் ஹிஜாப் விவகாரம் முற்றியபோது, கர்நாடகம் முழுக்க உயர்நிலைப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் அரசு மூடியது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஹிஜாபோடு வகுப்பில் உட்காரவேண்டும் என்று கேட்டவர்களால் தொடங்கிய வழக்கு அது. கடைசியில் ஒருவருக்குமே வகுப்பு இல்லை.

மூடினால் எல்லோருக்கும் ஒரே நஷ்டம் என்பார்கள். நம்பாதீர்கள். கையில் புத்தகம் இருப்பவனுக்கு அது விடுமுறை. கிராமத்துப் பெண்ணுக்கோ, ‘காலேஜ்தான் இல்லையே, மாப்பிள்ளை பார்க்கலாம்’ என்று வீட்டில் பேச்சு எழுகிற வாரம்.

1991 டிசம்பரில் நான் பி.ஏ. கடைசி ஆண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரிலும் தென் கர்நாடகத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். எங்கள் கல்லூரியை மூடினார்கள், மெஸ்ஸை மூடினார்கள், நூலகத்தையும் மூடினார்கள். பாடப் புத்தகம் அங்கே ஒரே பிரதி. ஆறு பேர் முறைவைத்துப் படித்துவந்தோம். நஞ்சன்கூட்டுக் கன்னட நண்பன் ஒருவன், ‘வாய் திறந்து தமிழ் பேசிவிடாதே’ என்று எச்சரித்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ராகிக் களியும் அவரைக்காய் சாறும் போட்டு அவன் அம்மா என்னைப் பத்து நாள் வைத்துக்கொண்டார். தன் குறிப்புகளை எல்லாம் கார்பன் வைத்து எனக்கும் ஒரு படி எழுதினான்.

தேர்வு மூன்று மாதம் தள்ளிப்போனது. அதற்குள் அவனுக்கு ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாததால் மறுக்க முடியவில்லை. தேர்வு நாளில் லீவு கேட்டான், தரவில்லை. நான் எழுதினேன், அவனுடைய குறிப்புகளைப் படித்து. முதல் வகுப்பு.