மணலில் ஊன்றிய கச்சான்



கடலோரப் பாடசாலையில் தோட்டம் போடலாமா என்று கேட்டால், அக்கரைப்பற்றுப் பக்கத்தில் முதலில் வரும் பதில் "இங்கே வெறும் மணல்தானே" என்பது. மேற்கே வயல்வெளியில் நெல் விளையும் களிமண் இருக்கிறது. கடற்கரைக்கு வாய்த்ததோ, ஊற்றிய தண்ணீர் நில்லாத மணல். அதை நான் குறையாக எண்ணவில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு இயற்கையைக் காட்ட அந்த மணலே போதும்.

கச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். வறுக்காத விதையைப் பிள்ளை தன் விரலால் குழிபறித்து ஊன்றுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மஞ்சள் பூ. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசிபோல ஒரு காம்பு புறப்பட்டு, கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனியில்தான் காய் பிடிக்கிறது. மண் இறுகிக் கிடந்தால் அந்தக் காம்பு இறங்கத் திணறும், மணலில் தடையில்லை. மணலை விரலால் மெல்ல விலக்கி, பிஞ்சைப் பார்த்துவிட்டு, திரும்ப மூடிவிடலாம். பூ மேலே இருக்க, காய் ஏன் கீழே போகிறது? இந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்கத் தேவையில்லை, பிள்ளையே கேட்கும். மூன்று, மூன்றரை மாதத்தில் செடியைப் பிடுங்கும்போது வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கித் தரும் பற்றீரியா அவற்றில்தான் குடியிருக்கிறது.

பாடசாலைத் தோட்டம் இலங்கைக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசாங்கம் பாடசாலைகளில் தோட்டங்களை ஏற்படுத்தி, சி. டிறீபேர்க் என்பவரை அவற்றுக்கு மேற்பார்வையாளராக வைத்திருந்தது. 1930களில் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் வந்தது. அந்த முயற்சிகள் கமத்தையும் கிராம வாழ்வையும் கண்ணில் வைத்தவை. 1999இல் தரம் ஒன்றில் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல்சார் செயற்பாடுகளை ஒரு பாடமாக்கியது. இங்கே பிள்ளை பார்க்கவேண்டும், தொடவேண்டும், கேட்கவேண்டும்.

நமது தோட்டங்களில் பல இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்பதே என் கவலை. மேற்பார்வைக்கு யாரும் வருகிறார்கள் என்றால் பெரியவர்கள் பாத்தி கட்டி, வெண்டியும் கத்தரியும் வரிசையாக நட்டு, மருந்தும் அடித்துவிடுகிறார்கள். பிள்ளை வேலிக்கு வெளியே நிற்கிறது. ஜேர்மனியில் முதல் பாலர் பாடசாலையை அமைத்த புரோபல், பொதுப் பாத்திகளோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியும் ஒதுக்கினார். இரண்டு முழ நிலமானாலும் அது "என்ட பாத்தி" என்று பிள்ளை சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்.

தேசி மரம் ஒன்றும் அங்கே நிற்கட்டும், பூச்சி அரிக்க விடுங்கள். அதன் இளம் இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். குஞ்சுப் புழு பறவை எச்சம்போலக் கிடந்து எதிரியை ஏய்க்கும். வளர்ந்ததும் இலைப்பச்சை ஆகிவிடும். அந்தப் புழுவுக்கு மருந்தடித்துவிட்டால், வகுப்பறைச் சுவரில் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை எதற்குத் தொங்கவிட்டிருக்கிறோம்?

தரம் நான்குக்கு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சை எல்லாவற்றையும் விழுங்குகிறது. உம்மா, வாப்பாமாருக்கு என் வேண்டுகோள் இது: பிள்ளை சட்டையில் மண்ணோடு வந்தால் ஏசாதீர்கள். மண்ணில் குந்தியிருந்து ஒரு செடியைக் கவனித்த பிள்ளைக்கு, வினாத்தாளை நிதானமாக வாசிக்கும் பொறுமையும் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. அந்த மாதமோ ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்கிறது. கொச்சி, தக்காளி நாற்றுகளை யோகட் கோப்பையில் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். மூத்தம்மா இருக்கிற வீடென்றால் செடிக்கும் தண்ணீர் கிடைக்கும், பிள்ளைக்கும் கதை கிடைக்கும். கச்சானைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது சரிவராது. அது நோன்புக்கு முன் விளைந்துவிடவேண்டும், அல்லது பெருநாளுக்குப் பின் ஊன்றவேண்டும். எந்தக் கிழமை ஊன்றுவது என்று ஆசிரியர்கள் தாங்களே முடிவு செய்யாமல், நாட்காட்டியைப் பிள்ளைகள் முன் விரித்து, அவர்களையே பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள்.