டப்பாவில் யார் பெயர்?



இன்ஜினியர் தேனைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். கல்வராயன் மலைத் தேன், வடக்கனந்தல் வழியாக இறங்கி, யாரோ ஒருவர் பெயரில் விற்கிறது. எடுத்தவருக்குக் கூலிதான் மிச்சம். ஒரு மகளிர் குழுவுக்காக இணையச் சந்தை ஒன்றில் விண்ணப்பித்தேன். உணவுப் பொருள் விற்க முன் அனுமதி வேண்டும். மூன்று தடவை தள்ளிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்!

அப்புறம் நிதானமாகப் பார்த்தால், தப்பெல்லாம் என்னுடையது. பதிவுச் சான்றில் குழுவின் பெயர் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. லேபிளில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இல்லை. ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று வேறு போட்டிருந்தேன். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் தேன் தாண்டியிருந்தது. மெழுகு மூடிய அடையிலிருந்து மட்டும் எடுத்தோம், சரியாயிற்று.

நாலாவது தடவை அனுமதி கிடைத்தது. குழுவிலிருந்த அக்கா ஒருவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தம்பி, இது எங்க பேருதானே?” என்று கேட்டார்.

மாணவர்களே, மலையில் சரக்கு இருக்கிறது. காகிதம் எழுதத்தான் ஆளில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை வாருங்கள்.